ரோட்டரி என்ஜினை முதல் தடவையாகப் பிரித்துக் கட்டுகிறோம்: மாஸ்டா ஆர்எக்ஸ்-8, மதுரை

வில்லாபுரம்_பட்டறை (மதுரை)

பட்டறையில் இப்போது நிற்பது மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் மேனுவல். சிங்கப்பூரில் வேலை பார்த்தவர் ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்த வண்டி, பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துவிடும். பைபாஸ் ரோட்டில் ஒரு சுற்று போய் வந்து நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது, நன்றாக ஆறவிட வேண்டும். ஸ்பார்க் பிளக், நான்கு காயில், ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாம் மாற்றியாகிவிட்டது. குறை என்ஜினுக்குள்தான்.

கம்ப்ரஷன் எடுத்தேன். 250 ஆர்பிஎம் கணக்குக்கு முன் ரோட்டர் 620, 610, 330 கிலோபாஸ்கல். பின் ரோட்டர் 650, 640, 650. மேனுவல் சொல்லும் குறைந்தபட்சம் 680, அதாவது 99 பிஎஸ்ஐ பக்கம். ஒரே ரோட்டரின் மூன்று அறைகளுக்குள் 150க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

அம்பாசடர், பத்மினி, மாருதி 800, ட்ராக்டர் என்று பிஸ்டன் என்ஜினில் கைபடாத வகை குறைவு. ரோட்டரி இதுதான் முதல். இந்த வகை பார்த்திராதவர்களுக்காக: இதில் சிலிண்டர் இல்லை, வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை, டைமிங் செயினும் இல்லை. டிபன் கேரியர் போல ஐந்து அடுக்கு. முன் இரும்புத் தட்டு, அலுமினிய ஹவுசிங், நடு இரும்பு, இன்னொரு ஹவுசிங், பின் இரும்பு. ஒவ்வொரு ஹவுசிங்குக்குள்ளும் ஒரு முக்கோண ரோட்டர். எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்வரை நீளமான போல்ட்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. ஒரு ரோட்டருக்கு 654 சிசி, இரண்டும் சேர்ந்தால் 1,308.

வண்டிக்காரர் முழு மனதோடு சரி சொல்லிவிட்டார், அவசரப்படுத்தவும் இல்லை. அதனால் செய்யச் செய்ய இங்கே எழுதுகிறேன். இதைப் பற்றித் தமிழில் தேடுகிறவருக்கு நாளைக்கு ஏதாவது கிடைக்கட்டும். ஏற்கெனவே செய்தவர்கள் சொல்லுங்கள்: பிரிப்பதற்கு முன்னால் எதைக் கவனிக்க வேண்டும்? எதைத் திரும்பப் போடலாம், எதைப் போடவே கூடாது?

---

கொழும்பு_ரோட்டரி (கொழும்பு)

வணக்கம் அண்ணை. இங்கே ஆர்எக்ஸ்-8 கொஞ்சம் ஓடுது, அதனால இந்த எஞ்சின் எனக்குப் பழக்கம். முதலில் உங்கட அளவுகளை வடிவாகப் பாருங்கோ, அதிலேயே பாதி விடை இருக்கு.

ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு அபெக்ஸ் சீல். அது பக்கத்துப் பக்கத்து இரண்டு அறைகளையும் பிரிக்கிற சீல். அது உடைந்தாலோ தேய்ந்தாலோ இரண்டு அறையும் சேர்ந்து விழும். உங்களுக்கு ஒரு அறை மட்டும்தான் 330, மற்ற இரண்டும் 610க்கு மேல். அப்படியென்றால் அபெக்ஸ் சீல் இல்லை, அந்த முகத்தின் சைட் சீல், அதாவது ரோட்டரின் பக்கவாட்டில் இரும்புத் தட்டோடு உரசுகிற சீல். கார்பன் பிடித்துப் பள்ளத்துக்குள்ளேயே இறுகிப்போயிருக்கும். ரெனிசிஸ் எஞ்சினில் (ஆர்எக்ஸ்-8இன் எஞ்சின்தான்) எக்ஸாஸ்ட் போர்ட் பக்கத் தட்டில் இருக்கிறதால் சூடான புகை சைட் சீலுக்கு மேலாலேயே போகும். பழைய ஆர்எக்ஸ்-7இல் ஹவுசிங்கில் இருந்த போர்ட்டை இதில் தட்டுக்கு மாற்றினார்கள். சைட் சீலை ஆப்பு வடிவமாக்கினதும் கார்பன் சேராமல் இருக்கத்தான்.

பின் ரோட்டரும் 680க்குக் கீழே. ஆகவே இரண்டையும் திறக்கத்தான் வேணும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு சீலும் எந்த ரோட்டர், எந்தப் பக்கம், எந்த முனை என்று எழுதிவையுங்கோ. ஃப்ளைவீல் நட் 54 மில்லிமீட்டர். மேனுவலில் இறுக்கம் 392 முதல் 490 நியூட்டன் மீட்டர். சாதாரணக் கம்பியை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

---

புதூர்_லேத் (கே.புதூர் சிட்கோ, மதுரை)

ஃப்ளைவீல் லாக் நான் செய்து தருகிறேன், ஃப்ளைவீலைக் கொண்டுவந்தால் அளவு எடுத்துக்கொள்ளலாம். 54 சாக்கெட் லாரிப் பட்டறையில் இருக்கும். வீல் நட் கழற்றுகிற டார்க் மல்டிபிளையரும் அங்கேயே கிடைக்கும், கப்பலூர் பக்கம் கேளுங்கள்.

இரும்புத் தட்டு தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். என்னிடம் சர்ஃபேஸ் கிரைண்டர் இருக்கிறது. ஹெட் ஃபேஸிங் அடிப்பது போல 0.05 மில்லிமீட்டர் எடுத்துவிட்டால் புதுத் தட்டு மாதிரி ஆகிவிடும். அலுமினிய ஹவுசிங்குக்குள் ஸ்லீவ் இறக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வட்டமாக இல்லையே, உள் வடிவம் என்ன கணக்கு?

---

கோவை_ட்ராக் (கோயம்புத்தூர்)

புதூர் அண்ணே, இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பிஸ்டன் என்ஜினிலிருந்து வருகிற எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான்.

உள் வடிவம் எபிட்ரோகாய்ட். 13பி என்ஜினில் (ரெனிசிஸும் இந்த வகைதான்) ரோட்டரின் மையத்திலிருந்து முனைவரை 105 மில்லிமீட்டர், ஷாஃப்ட்டின் எக்சென்ட்ரிசிட்டி, அதாவது லோப் மையத்திலிருந்து விலகி நிற்கும் தூரம், 15 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களும்தான் அந்த இடுப்பு சிறுத்த வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ரோட்டருக்குள் இருக்கும் கியருக்கு 51 பல், தட்டில் அசையாமல் நிற்கும் ஸ்டேஷனரி கியருக்கு 34. ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும்.

ஸ்லீவ் ஏன் முடியாது? அலுமினியத்துக்குள் மெல்லிய எஃகுத் தகடு வார்ப்பிலேயே பதிந்திருக்கிறது. அதன் மேல் குரோம். அபெக்ஸ் சீல் ஓடுவது அந்தக் குரோம் மேல். போர் போட்டால் குரோம் போய்விடும். குரோமை மறுபடி ஏற்றினாலும் அந்த வடிவத்துக்கு அரைத்து முடிக்கிற மெஷின் வேண்டும். அதற்கும் மேலே ஒன்று, ஓவர்சைஸ் ரோட்டர் என்று ஒரு பொருளே கிடையாது. பிஸ்டன் என்ஜினில் 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் வாங்கிப் போட்டுப் பழகிய கைக்கு இது ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும். ஆனால் ஹவுசிங் போனால் போனதுதான். வேறு நல்ல ஹவுசிங்தான் வாங்க வேண்டும்.

இரும்புத் தட்டு சாம்பல் வார்ப்பிரும்பு. சைட் சீல் உரசும் முகம் நைட்ரைடிங் (நைட்ரஜனால் மேல்தோலைக் கடினமாக்குவது) செய்யப்பட்டது. கடினமான அந்தத் தோல் மிக மெல்லியது. கிரைண்டரில் 0.05 எடுத்தால் அது எவ்வளவு மிஞ்சும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அரைத்தால் திரும்ப நைட்ரைடிங் போட வேண்டும். போட்ட பிறகு தட்டு வளைந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். கோவையில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், முடியாத காரியம் இல்லை. ஆனால் அது தேவைதானா என்பதை அளவு சொல்லட்டும்.

13பி மேனுவல் கணக்கு: தட்டின் வளைவு 0.04 மில்லிமீட்டர் வரை, சைட் சீல் உரசித் தேய்ந்த இடத்தின் படி (பள்ளத்தின் ஆழம்) 0.10 வரை. இதற்குள் இருந்தால் தொடாதீர்கள்.

---

புதூர்_லேத் (கே.புதூர் சிட்கோ, மதுரை)

கோவைத் தம்பி சொல்வது புரிகிறது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நைட்ரைடிங் போன தட்டும் ஓடத்தான் செய்யும், வெளிநாட்டில் லேப்பிங் மட்டும் செய்து போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நாள் ஓடினால் போதும் என்கிற ரேஸ் வண்டிக்கு அது சரிவரலாம். இது வீட்டு வண்டி, வருஷக்கணக்கில் ஓட வேண்டும். அதனால் முதலில் அளப்போம். என்னிடம் கிரானைட் சர்ஃபேஸ் பிளேட், ஸ்ட்ரெயிட் எட்ஜ், மைக்ரான் டயல் எல்லாம் இருக்கிறது. தட்டு மூன்றையும் கொண்டுவாருங்கள். துடைத்துக் கொண்டுவாருங்கள், எமெரி போடாதீர்கள்.

---

வில்லாபுரம்_பட்டறை (மதுரை)

பிரித்தாகிவிட்டது.

ஃப்ளைவீல் நட்டை மல்டிபிளையர் சத்தமில்லாமல் கழற்றிவிட்டது. என்ஜினை நிமிர்த்தி, முன்பக்கம் கீழே, ஃப்ளைவீல் பக்கம் மேலே வைத்துப் பிரித்தோம். நடு இரும்பைத் தூக்கும்போது ஷாஃப்ட்டையும் கூடவே கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் எக்சென்ட்ரிக் லோப் விடாது. ஒருவர் ஷாஃப்ட், ஒருவர் தட்டு. தனி ஆளாகச் செய்யாதீர்கள்.

கொழும்புத் தம்பி சொன்னது அப்படியே இருந்தது. முன் ரோட்டரில், பின்பக்க முகத்தில், ஒரு சைட் சீல் பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டிக் கிடந்தது. மற்ற சைட் சீல்களை விரல் நகத்தால் அழுத்தினால் உள்ளே போய் ஸ்பிரிங்கில் துள்ளி மேலே வரும். இது அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் ஒரு முனையிலிருந்து மெதுவாக நெம்பியபோது கார்பன் கறுப்புப் பொடியாக உதிர்ந்து சீல் வெளியே வந்தது. அடியில் இருந்த ஸ்பிரிங் வளைவே இல்லாமல் தட்டையாகிவிட்டது. அந்த அறை ஏன் 330 காட்டியது என்று கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது.

மற்றவை:

முன் ஹவுசிங்கில் பிளக் துளைக்குப் பக்கத்து ஓரத்தில் 2 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குரோம் உரிந்து எஃகு தெரிகிறது. நகம் தட்டுகிறது. இதைத் திரும்பப் போடப் போவதில்லை.

பின் ஹவுசிங்கில் மங்கலான கோடுகள் மட்டும். நகம் எங்கும் தட்டவில்லை, ஓரம் முழுசாக இருக்கிறது.

ஸ்டேஷனரி கியர் பேரிங் இரண்டிலும் செம்பு தெரிகிறது. ரோட்டர் பேரிங்குகளும் அப்படியே. எல்லாம் மாற்ற வேண்டும்.

தட்டு மூன்றும் புதூரில் அளந்தோம். வளைவு எதிலும் 0.02ஐத் தாண்டவில்லை. படி அதிகபட்சம் 0.04, அது நடு இரும்பின் முன் முகத்தில், எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குக் கீழே. அரைக்கவில்லை. புதூர் அண்ணனே டயலைப் பார்த்துவிட்டு "தொட வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

கூலன்ட் பாதை ஒரு விஷயத்தைக் காட்டியது, மதுரைக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். ரேடியேட்டருக்கு யாரோ எப்போதோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். வெள்ளை உப்பு படிந்திருக்கிறது. அலுமினியமும் இரும்பும் மாறி மாறி அடுக்கிய என்ஜினில் உப்புத் தண்ணீர் போனால் கூலன்ட் சீல் உட்காரும் மெல்லிய சுவர் அரித்துப் போகும். அந்தச் சுவர் போனால் தண்ணீர் அறைக்குள் வரும். நம் ஊர்த் தண்ணீர் குளிக்கவே சோப்பு நுரைக்காத தண்ணீர். டிஸ்டில்டு வாட்டரும் நல்ல கூலன்ட்டும் தவிர வேறு எதுவும் ஊற்றாதீர்கள், அவசரத்துக்குக்கூட வேண்டாம். இந்த வண்டியில் சுவர் தப்பித்திருக்கிறது.

நல்ல முன் ஹவுசிங் எங்கே கிடைக்கும்? சென்னை புதுப்பேட்டையில் கேட்டுவிட்டேன், ரோட்டரி யாரிடமும் இல்லை.

---

கிள்ளான்_அன்பு (கிள்ளான், மலேசியா)

அண்ணே, இங்க ஹாஃப்-கட் கடைகள்ல (பாதியா வெட்டின பழைய கார் விக்கிற கடை) ரெனிசிஸ் கிடைக்கும். ஜப்பானில் இருந்து வருவது. ஆனால் வாங்கும்போது படத்தை நம்பாதீங்க. ஹவுசிங்கை ஓரம் ஓரமா, டார்ச் சாய்வா அடிச்சு வீடியோ கேளுங்க. நேரா வெளிச்சம் அடிச்சா குரோம் எல்லாமே பளபளன்னுதான் தெரியும். சாய்வா அடிச்சாதான் உரிஞ்ச இடம் நிழலா தெரியும். நான் போய்ப் பார்த்துச் சொல்றேன், தனி மெசேஜ் போடுங்க.

---

திருப்பரங்குன்றம்_மெக் (மதுரை)

இன்ஜினியரிங் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. இரண்டு சந்தேகம். ஒன்று, 9,000 ஆர்பிஎம் ரெட்லைன் என்கிறார்களே, அந்தக் கனமான இரும்பு ரோட்டர் அந்த வேகத்தில் எப்படித் தாங்குகிறது? இரண்டு, ஹவுசிங்கில் குறுக்குக் கோடுகள் விழும் என்று ஒரு இடத்தில் படித்தேன், அது எதனால்?

---

கோவை_ட்ராக் (கோயம்புத்தூர்)

முதல் கேள்விக்கு விடை மேலே சொன்ன மூன்றுக்கு ஒன்று கணக்கில் இருக்கிறது. 9,000 என்பது ஷாஃப்ட்டின் வேகம். ரோட்டர் அப்போது 3,000தான் சுற்றுகிறது. பிஸ்டன் போல மேலே போய் நின்று திரும்பி வருகிற வேலையும் அதற்கு இல்லை.

இரண்டாவது, ரோட்டரி என்ஜினின் வரலாறே அந்தக் கோடுகளோடுதான் தொடங்குகிறது. ஃபெலிக்ஸ் வாங்கெலின் முதல் மாதிரி 1957இல் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் ஓடியது. மாஸ்டா 1961இல் உரிமம் வாங்கி ஹிரோஷிமாவில் ஓட்டிப் பார்த்தபோது ஹவுசிங் முழுக்க அலை அலையாகக் கீறல். சீல் சுவரில் ஒரே சீராக வழுக்கிப் போகாமல் ஒரு குறிப்பிட்ட அதிர்வில் குதித்துக் குதித்துப் போனதுதான் காரணம். சாத்தானின் நகக்கீறல் என்று அவர்களே பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் அதோடு போராடினார்கள். சீலின் உருவத்தை மாற்றி அதிர்வைக் கலைத்தார்கள். பிறகு கார்பனில் அலுமினியத்தை ஊறவைத்த சீல் வந்தது. 1967இல் மாஸ்டாவின் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது அதோடுதான். 1991 லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் நான்கு ரோட்டர் ரேஸ் கார் 787பி ஜெயித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என்எஸ்யூவும் 1967இலேயே ஆர்ஓ 80 காரைக் கொண்டுவந்தது. அருமையான கார். ஆனால் சீல் தேய்ந்து தேய்ந்து கேரண்டியில் என்ஜின் மாற்றிக் கொடுத்தே அந்த நிறுவனம் தளர்ந்தது. ரோட்டரியை விடாமல் பிடித்துக்கொண்டது மாஸ்டா. 2023இல்கூட எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றை ரோட்டரை பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க வைத்தார்கள். இந்த என்ஜினில் இருக்கும் ஆறு மெல்லிய அபெக்ஸ் சீல்களுக்காக எவ்வளவு பேர் உழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால், ஹவுசிங்கை ஒழுங்காகத் துடைக்காமல் கட்ட மனசு வராது.

---

வில்லாபுரம்_பட்டறை (மதுரை)

கிள்ளான் தம்பி பார்த்துச் சொன்ன ஹவுசிங் வந்து சேர்ந்துவிட்டது. ஓரம் சுத்தம். சீல் கிட்டும் பேரிங்கும் வந்தாயிற்று. தம்பிக்கு என் நன்றி. முன்பின் பார்த்திராத ஒருவருக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார்.

இப்போது சைட் சீல் வேலை. பொறுமை வேண்டிய இடம் இதுதான், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு ரோட்டருக்கு ஆறு சைட் சீல், இரண்டுக்கும் சேர்த்து பன்னிரண்டு. கிட்டில் வருவது கொஞ்சம் நீளமாகவே வரும். ஒவ்வொன்றையும் அதன் பள்ளத்தில் வைத்து, இரண்டு முனையிலும் கார்னர் சீலை (ரோட்டரின் மூலையில் உட்காரும் வட்டச் சீல்) போட்டு, நீளத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்த வேண்டும். சைட் சீலுக்கும் கார்னர் சீலுக்கும் நடுவில் 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் இடைவெளி என்கிறது மேனுவல். நாங்கள் 0.05ஐக் குறிவைத்தோம். அதைவிடக் குறைந்தால் சூட்டில் நீண்டு கார்னர் சீலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் கம்ப்ரஷன் கசியும்.

முறை இது: எண்ணெய்க் கல்லைத் தட்டையாக வைத்து, சீலின் முனையை அதன் மேல் நிமிர்த்திப் பிடித்து, ஒரே திசையில் ஒரு இழுப்பு. துடைத்து, பள்ளத்தில் வைத்து, 0.05 ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பது. போகவில்லை என்றால் இன்னும் ஒரு இழுப்பு. கேஜ் லேசான பிடிமானத்தோடு போய் வர வேண்டும், தானாக விழக் கூடாது. சைட் சீலின் ஒரு முனைக்கு கார்னர் சீலின் வட்டத்துக்கு ஏற்ற சிறு வளைவு இருக்கிறது, அது மாறக் கூடாது. அதனால் மறுமுனையில்தான் தேய்க்க வேண்டும். பொருந்திய சீலை உடனே அதன் எண் எழுதிய மாத்திரை உறையில் போட்டுவிட வேண்டும். முன் ரோட்டருக்கு அளந்தது பின் ரோட்டரில் உட்காராது.

இந்த வேலைக்கு ஃபேன் காற்று, வெயில், பேச்சு எதுவும் ஆகாது. காலையில் கடை திறப்பதற்கு முன்னால்தான் உட்கார்ந்தோம். என்னிடம் வேலை கற்கும் பையன் கடைசி நான்கு சீல்களைத் தானே செய்தான். அவன் கைக்கு என்னைவிட நிதானம். இந்த வேலையை இனி அவனிடமே கொடுத்துவிடலாம்.

---

கொழும்பு_ரோட்டரி (கொழும்பு)

நல்லது அண்ணை. பூட்டும்போது நான்கு விஷயம்.

சீல்கள் விழாமல் நிற்க வாசலின் போதும், கிரீஸ் வேண்டாம். வாசலின் சூட்டில் உருகிப் போயிடும்.

முன் ரோட்டரின் கியர் முன்பக்கம் பார்க்க வேணும், பின் ரோட்டரின் கியர் பின்பக்கம். ஸ்டேஷனரி கியர் அங்கேதான் இருக்கு.

அடுக்குகளுக்கு இடையில் பேக்கிங் கிடையாது. ஹவுசிங்கின் அடிக்கால் பகுதியில், ஆயில் பான் பக்கம், மெல்லிய சிலிக்கான். வேறெங்கும் பூச வேண்டாம்.

கடைசியாக, முன் போல்ட். இறுக்கும்போது எஞ்சினை முன்பக்கம் மேலே பார்க்க நிமிர்த்தி வையுங்கோ. ஸ்பேசருக்குப் பக்கத்தில் ஊசித் த்ரஸ்ட் பேரிங் இருக்கு. படுக்க வைத்து இறுக்கினால் அது நழுவி ஸ்பேசரில் மாட்டிக்கொள்ளும். முழு எஞ்சினையும் கட்டி முடித்து ஓட்டின பிறகுதான் தெரியவரும். இறுக்கினதும் டயல் கேஜ் வைத்து எண்ட் ப்ளே (ஷாஃப்ட் முன்னும் பின்னும் அசையிற அளவு) பாருங்கோ, 0.04 முதல் 0.07 மில்லிமீட்டர் வரை. 0.09ஐத் தாண்டக் கூடாது. தேவைப்பட்டால் வேற தடிப்பு ஸ்பேசர் மாற்றலாம்.

---

வில்லாபுரம்_பட்டறை (மதுரை)

கட்டியாகிவிட்டது. நீள போல்ட்களை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே, மூன்று கட்டமாக இறுக்கினோம். கடைசி இறுக்கம் 3.2 முதல் 4.0 கிலோகிராம் மீட்டர் வரை என்கிறது மேனுவல். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்தோம். எங்கும் பிடிக்கவில்லை. சுற்றும்போது ஒவ்வொரு முகமும் பிளக் துளையைக் கடக்கையில் 'புஸ்' என்று ஒரே அளவாக ஊதுகிறது. எண்ட் ப்ளே 0.05, ஸ்பேசர் மாற்றத் தேவைப்படவில்லை.

ஆயில் கூலர்களைக் கழற்றி முழுக்கக் கழுவினோம். பேரிங்கில் செம்பு தெரிந்த என்ஜின், அந்தப் பொடி கூலருக்குள் இல்லாமல் இருக்காது. புது பேரிங் போட்டுவிட்டுப் பழைய கூலரை அப்படியே மாட்டுவது வேலையையே வீணாக்குவது.

---

ஆரப்பாளையம்_2டி (மதுரை)

ஆர்எக்ஸ் 100 வேலை பார்த்தே வளர்ந்தவன் நான். கேட்கிறேன், இதில் அபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது? பெட்ரோலில் 2டி (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலக்க வேண்டுமா? இப்போது வருவது எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வேறு.

---

கோவை_ட்ராக் (கோயம்புத்தூர்)

சரியான கேள்வி அண்ணே. ஆயில் மீட்டரிங் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. அது சம்பிலிருந்து என்ஜின் ஆயிலையே எடுத்து ஹவுசிங்குக்குள் சொட்டுச் சொட்டாக விடும். அதனால் ரோட்டரி ஆயில் குடிப்பது நோய் இல்லை, அது அப்படித்தான் வேலை செய்கிறது. ஆயில் அளவுக் கம்பியை அடிக்கடி பார்க்காமல் ஓட்டுகிறவர்தான் என்ஜினைக் கெடுக்கிறார். முதல் ரெனிசிஸில் ஒரு ஹவுசிங்குக்கு இரண்டு நாசில். 2009 மாடலில் மூன்றாவதாக நடுவில் ஒன்று சேர்த்தார்கள், சீலின் நடுப்பகுதிக்கு எண்ணெய் பற்றவில்லை என்பதால்.

அதனால் பழைய மாடலில் பம்ப் வேலை செய்தாலும் கொஞ்சம் 2டி கலப்பது நல்லது என்பது என் கருத்து. லிட்டருக்கு 4, 5 மில்லி போதும். ஆர்எக்ஸ் 100 கணக்கில் ஊற்றிவிடாதீர்கள், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொள்ளும். ஜாஸோ எஃப்டி என்று டப்பாவில் போட்டிருக்கும் புகை குறைந்த எண்ணெயாகப் பாருங்கள்.

ஈ20இல் பயம் 2டி கலப்பதில் இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிற வண்டிக்குத்தான் அது ஆபத்து. டேங்க்கைப் பாதியில் விட்டு நிறுத்தாதீர்கள், பழைய ரப்பர் ஹோஸை மாற்றிவிடுங்கள்.

என்ஜின் ஆயிலில் அமெரிக்க மேனுவல் 5டபிள்யூ-20 சொல்கிறது, மற்ற பல நாடுகளில் 5டபிள்யூ-30. சித்திரை வெயிலில் மதுரை ரோட்டுக்கு 20 மெல்லிசு. பேரிங்கில் செம்பு தெரிந்த வண்டிக்கு நான் 30க்குக் கீழே போகமாட்டேன்.

---

வில்லாபுரம்_பட்டறை (மதுரை)

ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஃபியூல் பம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, அறைக்குள் கொஞ்சம் 2டி விட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் மட்டும் அடித்தோம். ஸ்டார்ட்டர் சூடாகாமல் நடுநடுவே நிறுத்தினோம். பிறகு ஃப்யூஸைப் போட்டு அடித்ததும் பிடித்துக்கொண்டது. வாசலினும் 2டியும் எரிந்து தெரு முழுக்க வெள்ளைப் புகை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. கூலன்ட்டில் குமிழி இல்லை, எங்கும் கசிவு இல்லை. ஐடில் சீராக நிற்கிறது.

சூடாக்கி, நிறுத்தி, உடனே செல்ஃப் அடித்தேன். பிடித்தது. அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்து அடித்தேன். பிடித்தது. வண்டிக்காரர் கண் கலங்கிவிட்டார், எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது.

கம்ப்ரஷன்: முன் ரோட்டர் 730, 720, 730. பின் ரோட்டர் 710, 720, 710. சீல்கள் உட்கார உட்கார இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும்.

---

புதூர்_லேத் (கே.புதூர் சிட்கோ, மதுரை)

ரொம்ப சந்தோஷம். ஃப்ளைவீல் லாக் என்னிடமே இருக்கட்டும், தென் மாவட்டத்தில் யாருக்குத் தேவைப்பட்டாலும் வந்து எடுத்துப் போகலாம். வாடகை வேண்டாம்.

பின் ஹவுசிங் பழையதுதானே போட்டீர்கள்? அந்த மங்கலான கோடு பின்னால் தொல்லை தராதா?

---

வில்லாபுரம்_பட்டறை (மதுரை)

பழையதுதான் அண்ணே. ஓரத்தில் குரோம் முழுசாக இருந்தது, நகம் தட்டவில்லை. அது ஓடி ஓடி விழுந்த தடம். புதுச் சீல் அந்தத் தடத்திலேயே படிந்துகொள்ளும். 710 காட்டுவதால் எனக்குத் திருப்தி. பின் ஹவுசிங்கிலும் 2 மில்லிமீட்டர் குரோம் உரிந்திருந்தால் இரண்டாவது ஹவுசிங் வரும்வரை வண்டியைக் கட்டியிருக்கவே மாட்டேன். தேய்ந்த ஹவுசிங்கில் புதுக் கிட் போடுவது காசைக் குப்பையில் போடுவது, இதை வண்டிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ரன்னிங்-இன்: முதல் 1,600 கிலோமீட்டர் 4,000 ஆர்பிஎம்முக்குள். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்லியிருக்கிறேன். நத்தம் ரோடு மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் போய் வர வசதியாக இருக்கிறது, சிக்னல் இல்லை. சிம்மக்கல் நெரிசலில் இப்போதைக்கு வேண்டாம். அப்புறம், வீட்டு வாசலில் குளிரில் ஸ்டார்ட் செய்து நாலடி நகர்த்திவிட்டு உடனே ஆஃப் செய்யக் கூடாது, பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். அப்படி நனைந்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வராது, அறை காய்ந்துவிடும்.

ஆயிலை 1,600இல் மாற்றும்போது ஃபில்டரை வெட்டிப் பார்த்து, மறுபடி கம்ப்ரஷன் எடுத்து எண்களை இங்கேயே போடுகிறேன்.